அரை வரி பின்னால் வரும் கனடா

எட்மண்ட் சார் வீட்டு வைஃபையைக் கொன்றவன் நான்தான். ஆயுதம், ஒரு சேஃப்டி பின்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். சேலையூர், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. ஹாலில் குடும்ப ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எட்மண்ட் சார் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். மேஜைமேல் லேப்டாப், அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் டொரண்டோவிலிருந்து மகன் ஷெர்வின், இன்னொன்றில் மெல்போர்னிலிருந்து மகள் ஜோசலின். அவர்களும் கண்ணை மூடியிருந்தார்கள். மூன்று கண்டங்களிலும் கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான். ஏதாவது வேலை செய்தாக வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

பீரோவுக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவே, பூப்போட்ட துணி போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள் ரவுட்டரை. ஆறு வருஷம் வீடு வீடாகக் கேபிள் இழுத்தவன் நான். ரீஸ்டார்ட்டுக்கும் ரீசெட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடி ஸ்கூட்டர் டிக்கியில் இருந்ததுதான் கோளாறு. இருட்டில் தடவி, எந்த ஓட்டையில் குத்தக் கூடாதோ அதில் குத்தினேன்.

ரவுட்டர் தன் பெயர், பாஸ்வேர்டு, பூர்வீகம் எல்லாவற்றையும் மறந்து பிறந்த குழந்தையாகிவிட்டது. லேப்டாப்பில் மகனும் மகளும் சேர்ந்தாற்போல மறைந்தார்கள்.

"ஆமென்" என்றார் எட்மண்ட் சார். கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பின்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்களுக்குப் பழக்கம்தான். ஆனா வழக்கமா பொண்ணு ஒருத்திதான் போவா. இன்னிக்கு ரெண்டு பேரையும் அனுப்பிட்டீங்க."

சோபாவில் உட்கார்ந்திருந்த என் முதலாளி கோகிலவாணி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐம்பத்தேழு வயது. டெலிபோன் டிபார்ட்மெண்டில் இருபத்திரண்டு வருஷம் பழுதுப் புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். "ஒரு மனுஷன் பொய் சொல்றதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பான் குமரேசா, அது லைன்ல கேக்கும்" என்பார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். நான் உதவியாளன். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. வைஃபை விசாரணை இதுதான் முதல்.

"அக்கா, கோபமா?"

"கோபப்பட்டா சரியாயிடுமா?"

அவர் இப்படித்தான். நேராக ஒரு பதில் வாங்கி எனக்கு மூன்று வருஷம் ஆகிறது.

எட்மண்ட் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்தொரு வருஷம் சர்ச்சில் கொயர் என்ற பாட்டுக் குழுவை நடத்தியவர். இப்போதும் பேசும்போது வலதுகை விரல் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மனைவி காலமாகி மூன்று வருஷம். அவர் சொன்ன புகார் இவ்வளவுதான்: தினமும் காலையில் ஜெபம், முதலில் பாட்டு, பிறகு வசனம், பிறகு சின்னவர்களிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கு ஒரு ஜெபம். ஜோசலின் சின்னவள், அவள்தான் முதலில். அவள் வாயைத் திறப்பதற்குள் படம் உறைந்துவிடும். வட்டம் சுற்றும். இணைப்பு போய்விடும். நெட் கம்பெனிக்காரர்கள் நாலு தடவை வந்து, நாலு தடவையும் "இப்ப ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"யாரோ என் வைஃபையைத் திருடறாங்க மேடம். பக்கத்துல புதுசா மூணு வீடு வந்திருக்கு." அவர் விரல் நின்றது. "என் பொண்ணு ஜெபம் பண்ணி நான் கேட்டு எட்டு மாசம் ஆச்சு. வேற ஒண்ணும் வேணாம். அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தேன். செய்த பாவத்துக்கு வேறு வழியும் இல்லை.

ரவுட்டரைப் பீரோ சிறையிலிருந்து விடுதலை செய்து ஹால் நடுவே உயரமான பலகையில் ஏற்றினேன். இரும்புப் பீரோவும் மீன் தொட்டியும் சிக்னலுக்கு எமன்கள், இரண்டிலிருந்தும் தள்ளிவைத்தேன். அக்கம்பக்கத்துப் பதினேழு வைஃபைகளும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டிருந்தன, பண்டிகை நாள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம் மாதிரி. நம்முடையதை ஆள் இல்லாத அலைவரிசைக்கு மாற்றினேன். லேப்டாப்புக்கு நேராக ஒயரே இழுத்துவிட்டேன். பாஸ்வேர்டும் புதுசு. எட்மண்ட் சாருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதாவது, திருடன் இருந்திருந்தால் இன்றோடு பட்டினி.

சோதித்துப் பார்த்தேன். படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"நாளைக்கு உங்க பொண்ணு மூச்சு விடறது கூடக் கேக்கும் சார்" என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வாய் நீளம்.

புதன்கிழமை காலை. பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. "ஜோசி, நீ ஜெபம் பண்ணும்மா" என்றார் எட்மண்ட் சார். ஜோசலின் கண்ணை மூடினாள். அப்படியே உறைந்தாள். வட்டம் சுற்றியது. போனாள். இரண்டு நிமிடத்தில் செல்லில் செய்தி வந்தது: 'நெட் போயிடுச்சுப்பா.'

ஷெர்வினின் கட்டம் பளிச்சென்று இருந்தது. நம் பக்கம் ஒரு பழுதும் இல்லை.

எட்மண்ட் சார் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல தம்பி, காபி சாப்பிடுங்க" என்றார்.

வியாழக்கிழமை கோகிலவாணி அக்கா ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொன்னார். "சார், இன்னிக்குப் பெரியவங்கள்லேருந்து ஆரம்பிங்க. நீங்க, அப்புறம் ஷெர்வின், கடைசியில ஜோசலின்."

எட்மண்ட் சார் நாலு நிமிடம் ஜெபித்தார். நெட் ஒழுங்காக ஓடியது. ஷெர்வின் ஆறு நிமிடம் ஜெபித்தான். கனடாவின் குளிர், அவனுடைய மேனேஜர் உட்பட எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்படைத்தான். நெட் அசையவில்லை. "ஜோசி, நீ" என்றார் அப்பா.

உறைந்தாள். வட்டம். போனாள்.

படியிறங்கும்போது அக்கா கேட்டார். "குமரேசா, யாருக்கு எப்ப முறை வரும்னு நெட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

ஜோசலினுக்குத்தான். அவளாகவே செல்லில் டேட்டாவை அணைக்கிறாள்.

முனைக் கடையில் டீ சொன்னோம். அக்கா சொன்னபடி அன்று காலைப் பாட்டு முழுவதையும் என் செல்லில் பதிவு செய்திருந்தேன். பழைய கீர்த்தனை ஒன்று, இழுத்துப் பாடுவது. அக்கா என் காதில் ஒரு இயர்ஃபோனையும் தன் காதில் இன்னொன்றையும் செருகினார். கேம்ப் ரோட்டில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"என்ன கேக்குது?"

"பாட்டு."

"ஷெர்வின் எப்படிப் பாடறான்?"

"பாவம், பின்னாடியே ஓடி வரான். சார் வரியை முடிக்கும்போது அவன் பாதியில இருக்கான். அது தூரத்தோட வேலைக்கா. நான் பிரம்மாவா இருந்தாலும் கனடாவைக் கிட்ட கொண்டுவர முடியாது."

"சரி. கனடா அரை வரி பின்னாடி வருது. ஆஸ்திரேலியா?"

திரும்பவும் கேட்டேன். டீ ஆறியது.

ஜோசலின் அப்பாவோடு ஒட்டிக்கொண்டு பாடினாள். அவர் மூச்சு விட்ட இடத்தில் இவளும் மூச்சு விட்டாள். நேற்றும் அப்படித்தான் பாடினாள். லேக், அதாவது தாமதம், துளியும் இல்லை என்று நான் என் ஒயரைப் பாராட்டிக்கொண்டேன். லேகைக் குறைக்க வந்தவன், லேக் இல்லாததைக் கவனிக்கவில்லை.

"அக்கா, இவ மெல்போர்ன்ல இல்ல."

"டிரங்க் கால் காலத்துலயே இது எங்களுக்குத் தெரியும். பதில் வர்ற வேகத்துலயே ஆள் எங்கேன்னு சொல்லிடுவோம்."

"எட்மண்ட் சார் கொயர் மாஸ்டர். அவருக்கு இது கேட்டிருக்காதா?"

"கேக்காததும், கேக்க வேணாம்னு இருக்குறதும் ஒண்ணா?"

பதிவை மறுபடி ஓட்டினேன். இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி. என் ரிப்பேரின் புண்ணியம், ஊசி விழுந்தாலும் கேட்கும். ஜோசலினுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு ஆண் குரல்: "திண்டினம்... விழுப்ரம்... ஏறு ஏறு ஏறு!" அதற்கு மேலே ஒரு இயந்திரப் பெண் குரல், தயவுசெய்து கதவை மூடவும் என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

மெல்போர்னில் விழுப்புரம் பஸ் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் விழுப்புரம் பஸ் ஆள் ஏற்றும் இடம் பெருங்களத்தூர். அந்த நிறுத்தத்தைப் பார்த்தபடி மூன்று அடுக்குமாடிகள். அவற்றில் இரண்டுக்குத் தானாக மூடும் லிஃப்ட். மூன்றாவதில் கிரில் கதவு. ஆள் இறங்கிவிட்டு மூடாமல் போனால் அது நாள் முழுக்கக் கெஞ்சும். அந்தக் கட்டடத்துக்குக் கேபிள் இழுத்தவன் நான். பதினொரு நாள் அந்தக் கெஞ்சலைக் கேட்டவன்.

பத்து மணிக்கு ஸ்கூட்டரை அங்கே நிறுத்தினோம். கேட்டில் காவலுக்கு இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்தார்.

"இன்னாபா, யாராண்ட போவணும்?"

"காலைல பாட்டு பாடுற பொண்ணு..."

"அதுவா? மூணாவது மாடி. தனியா கீது. டெய்லி ஆறு மணிக்கு சாமி பாட்டு பாடும். அப்பால ஒரு அரை அவரு அழுவும். அப்பால ஆபீஸ் வேலை பாக்கும், வூட்ல இருந்துகினே." கொஞ்சம் தயங்கினார். "நீங்க சொந்தக்காரங்களா? யாருமே வரமாட்றாங்கப்பா அதுக்கு."

லிஃப்டில் ஏறினோம். இறங்கியதும் நான் மறக்காமல் கதவை மூடினேன்.

ஜோசலின் கதவைத் திறந்தாள். லேப்டாப்பில் பார்த்ததைவிட மெலிவு. என் பின்னால் நின்ற கோகிலவாணி அக்கா, "உங்கப்பா அனுப்பின வைஃபை ஆளுங்க" என்றார். அவ்வளவுதான். அவள் முகம் கலைந்ததைப் பார்த்தபோது, எனக்கு அந்தச் சேஃப்டி பின்னை என் கண்ணிலேயே குத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நாங்க இன்னும் சொல்லல" என்றார் அக்கா.

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் வெள்ளைத் திரை. பின்னணிக்காகவே கட்டிய திரை. நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"என் வீட்டுக்காரர் அடிக்கல, குடிக்கல ஆன்ட்டி. பேசறதை நிறுத்திட்டார். ஒன்றரை வருஷம். ஃப்ரிட்ஜ் மேல சீட்டு ஒட்டி வெச்சிடுவார். பால் வாங்கு, பில் கட்டு. ஒரு நாள் என் பிறந்தநாளைக்கும் சீட்டு. 'குப்பையை வெளிய வை'ன்னு."

சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"ஜூன்ல ஒரு நாள் ஜெபம் முடிஞ்சப்புறம் ஷெர்வின் போயிட்டான். நானும் அப்பாவும்தான். 'அப்பா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா'ன்னு கேட்டேன். அப்பா, 'கேக்கலம்மா, உடைஞ்சு உடைஞ்சு வருது'ன்னார். மறுபடி கேட்டேன். 'கேக்கலம்மா.' மூணாவது தடவை கத்தியே கேட்டேன். 'நெட் சரியில்ல, நாளைக்குப் பேசலாம்'னு வெச்சிட்டார்."

லிஃப்ட் கீழே கெஞ்ச ஆரம்பித்தது.

"அதுக்கு முந்தின வருஷம் எங்க கொயர்ல ஒரு அக்கா, புருஷனை விட்டுட்டு வந்துட்டாங்க. அப்பாதான் அவங்களை, 'இனிமே முன்னாடி நின்னு பாட வேணாம்மா, நாலு பேர் பேசுவாங்க'ன்னு சொன்னார். அது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆகஸ்ட்ல வந்து இறங்கினேன். ஏர்போர்ட்லேருந்து நேரா சேலையூர்தான் வந்தேன். தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"எல்லாப் பொய்யும் சொல்றே. ஜெபத்துல மட்டும் ஏன் அணைக்கறே?" அக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்பாகிட்ட, 'அவர் நல்லா இருக்கார், இங்க குளிரு'ன்னு கதை விட்டுடுவேன். கண்ணை மூடிட்டு, 'ஆண்டவரே, எங்க மெல்போர்ன் வீட்டை ஆசீர்வதியும்'னு எப்படி ஆன்ட்டி சொல்றது? வாய் வரல." முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போயிடறேன். அப்பாகூடப் பாடாம இருக்க முடியல."

நான் மூக்கைச் சிந்தினேன். துப்பறியும் உதவியாளன் செய்யக்கூடாத காரியம்.

ஜோசலின் என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்கதானே ரவுட்டரைப் பாத்தீங்க? ஜூன்ல நிஜமாவே அவ்வளவு மோசமா இருந்துச்சா?"

"மோசமாவா? பீரோவுக்குப் பின்னாடி, துணி போர்த்தி, பக்கத்துல மீன் தொட்டி வேற! அதுல நீங்க கேட்டது எப்படிம்மா அவருக்குப் போயிருக்கும்? சான்ஸே இல்ல!"

அவள் முகத்தில் எட்டு மாசத்து இருட்டு கொஞ்சம் விலகியது. எனக்கே பெருமையாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "நீ கேட்டு முடிச்சதுக்கும் அவர் 'கேக்கலம்மா'ன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"உடனேதான் சொன்னார்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

அக்கா தலையாட்டினார். எழுந்தார்.

வாசலில் ஜோசலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல பெங்களூருக்குப் போகச் சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அண்ணா, அப்பாகிட்ட நீங்களே கேளுங்க. நான் கேட்டது அவருக்கு நிஜமாவே கேக்கலன்னா, நாளைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன். கேட்டுச்சுன்னா..." விட்டுவிட்டாள். "கேட்டும் வேணாம்னு நினைச்சாருன்னா, நான் அங்க போய் நிக்க மாட்டேன்."

படியில்தான் இறங்கினோம்.

"உடனே சொன்னாருன்னா என்னக்கா?"

"குமரேசா, உடைஞ்சு உடைஞ்சு வர்ற லைன்ல, எதிராளி எப்பப் பேசி முடிச்சான்னு கேக்காதவனுக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே கேக்காதவன் நடுவுலயே 'ஹலோ ஹலோ'ன்னு கத்துவான். இவர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணை முடிக்க விட்டிருக்கார்."

நான் அடுத்த படியில் உட்கார்ந்துவிட்டேன். முதன்முதலில் நெட் சரியில்லாத மாதிரி நடித்தவர் மகள் இல்லை.

சேலையூருக்குத் திரும்பும்போது பதினொன்றரை. கேட்டுக்கு வெளியே அக்கா ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. "நீ போ. நான் கேட்டா விசாரணையா இருக்கும்."

எட்மண்ட் சார் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"தெரிஞ்சுதா தம்பி? யார் திருடறாங்க?"

"திருடன் யாரும் இல்ல சார்." அவர் பக்கத்தில் போய் நின்றேன். "ஜோசலினைப் பாத்துட்டு வரேன். பெருங்களத்தூர்ல இருக்காங்க. ஆகஸ்ட்லேருந்து. தனியா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தடவித் தேடி, உட்கார்ந்தார்.

"சாப்பிடறாளா?"

"மெலிஞ்சுட்டாங்க சார்."

விரல் மேஜைமேல் போனது. தாளம் போடவில்லை.

"சார், அவங்க உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஜூன்ல, வீட்டுக்கு வந்துடட்டுமான்னு கேட்டாங்களாம். அது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"அப்ப ரவுட்டர் பீரோவுக்குப் பின்னாடி இருந்துச்சு இல்ல..."

"இருந்துச்சு சார்."

"காத்தும் மழையுமா இருந்தது அந்த வாரம். கரண்ட் வேற வந்து வந்து போச்சு."

"இருக்கலாம் சார்."

"நெட்காரங்க கூடச் சொன்னாங்க, லைன்ல ஏதோ..."

அவரால் மேலே போக முடியவில்லை. என்னாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அக்கா வெளியே இருக்கிறார் என்ற தைரியத்தில், எந்தத் துப்பறியும் நிலையத்திலும் செய்யாத வேலையைச் செய்தேன். அவர் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சார், கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். ரவுட்டர் மோசம்னு நான் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன், நம்பிடுவாங்க. நாளைக்கு உங்க பொண்ணு இந்த ஹால்ல உக்காந்து ஜெபம் பண்ணும். கேட்டுச்சுன்னு சொன்னா பெங்களூர் போயிடுவாங்க. திரும்ப மாட்டாங்க. புரியுதா சார்? என்ன சொல்லட்டும் நான் அவங்ககிட்ட?"

எட்மண்ட் சார் கண்ணை மூடினார். காலையில் மூடுவாரே, அதே மாதிரி. ரவுட்டரின் பச்சை விளக்கு பலகைமேல் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர்.

கண்ணைத் திறந்து, முதன்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"கேட்டுச்சு தம்பி. மூணு தடவையும் தெளிவா கேட்டுச்சு. சர்ச்ல என்ன சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன். இதை அப்படியே அவகிட்ட போய்ச் சொல்லுங்க."